ஸனத் இல்லாத கவிதைகள்: மூடிய குழுக்களுக்குள் நமது இலக்கியம்

இந்த இதழுக்கு நான் எழுதித் தருவதாக ஏற்றுக்கொண்டது வேறொரு கட்டுரை. நமது ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்ட காலத்தில், அதாவது 2020 மார்ச் கடைசியிலிருந்து 2021 பெப்ரவரி வரையில், இலங்கை முஸ்லிம்கள் தமிழில் எழுதிய கவிதைகளைப் பற்றிய திறனாய்வு அது. தலைப்புக்கூட வைத்துவிட்டேன். ஆறு மாதம் தேடினேன். கடைசியில் ஆசிரியருக்குப் போன் எடுத்து, "அந்தக் கட்டுரை வராது. ஏன் வராது என்று வேண்டுமானால் எழுதித் தருகிறேன்" என்றேன். அவர் சரி என்றார். அதுதான் இது.

கவிதை எழுதப்படவில்லை என்பது காரணமல்ல. அந்த நாட்களை வாழ்ந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரவில் போனைத் திறந்தால் கவிதைக்கு மேல் கவிதையாக வந்து விழும். 2020 டிசம்பரில், பிறந்து இருபதே நாளான ஒரு பச்சிளம் பாலகனின் ஜனாஸா பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. அதையடுத்துப் பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் ஆட்கள் வந்து வெள்ளைத் துணித்துண்டுகளைக் கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, சகோதர இனத்தவர்களும் கட்டினார்கள். இரவோடிரவாக அவை அகற்றப்பட்டன. திரும்பவும் கட்டினார்கள். அந்தத் துணியைப் பற்றி மட்டும் எத்தனை கவிதைகள் வந்தன! சிலவற்றின் வரிகள் எனக்கு இன்னும் மனப்பாடம். எழுதியது யார் என்று கேட்டால் வாய் மூடிக்கொள்கிறது.

தேடத் தொடங்கியபோதுதான் நிலைமை விளங்கியது. கொட்டாஞ்சேனையில் ஒரு தம்பி இருக்கிறார். அந்தக் காலத்தில் இருநூறு பேருக்கு மேற்பட்ட இலக்கியக் குழுவொன்றை வட்ஸ்அப்பில் நடத்தியவர். அவரிடம் போனால் எல்லாம் கிடைக்கும் என்று நம்பிக்கையோடு போனேன். தேத்தண்ணி தந்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நானா, அந்தப் போன் தண்ணில விழுந்திட்டுது. புதுப் போன்ல இரவத்திரண்டுக்குப் பொறகு வந்ததுதான் கிடக்கு. பெக்கப் ஒண்டும் எடுத்து வெக்கல்ல." குழுவில் இருந்த மற்றவர்களைக் கேட்டேன். சிலர் வெளியேறியிருந்தார்கள். சிலர் போனில் இடம் போதாமல் அழித்திருந்தார்கள். ஒருவரிடம் படங்கள் மட்டும் எஞ்சியிருந்தன, யாருடைய வரி என்ற குறிப்பு இல்லாமல்.

முகநூலில் தேடியதும் இதே கதைதான். பெயர் தெரிந்தவர்களின் பக்கத்தில் ஐந்து வருடத்துக்குக் கீழே உருட்டிக்கொண்டே போக வேண்டும். சிலர் கணக்கைப் பூட்டிவிட்டார்கள், சிலர் பயத்தில் தாமே அழித்துவிட்டார்கள். ஒரு கவிதை என் கையில் மூன்று பேருடைய பெயரில் வந்து சேர்ந்தது. நான்காவது பிரதியில் பெயரே இல்லை, மேலே "படித்ததில் பிடித்தது" என்று மட்டும் இருந்தது. எழுதியவர், எழுதிய திகதி, முதலில் வெளியான இடம் ஆகிய மூன்றும் உறுதியாகத் தெரிந்த கவிதைகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன. அவற்றை வைத்துத் திறனாய்வு எழுதினால் அது அந்தக் காலத்தைப் பற்றியதாக இருக்காது. என் கையில் அகப்பட்டதைப் பற்றியதாகவே இருக்கும்.

ஸனத் என்ற கேள்வி

நமது மரபில் ஒரு செய்தியைக் கேட்டவுடன் அதன் பொருளுக்குப் போக மாட்டார்கள். யார் சொன்னது, அவர் யாரிடம் கேட்டார் என்று முதலில் விசாரிப்பார்கள். ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஸனதை ஆராய்ந்த பிறகுதான் மத்னைக் கையில் எடுத்தார்கள். மதரஸாவில் முதல் வருடம் ஓதிய பிள்ளைக்கும் இது தெரியும். அப்படிப்பட்ட சமூகம்தான் இன்று "ஃபோர்வர்ட்" என்ற ஒற்றைச் சொல்லை அறிவிப்பாளர் வரிசையின் இடத்தில் வைத்துக்கொண்டிருக்கிறது.

திறந்த இணையத்தில் ஒரு பக்கத்துக்கு முகவரி உண்டு. அந்த முகவரியை நான் இங்கே எழுதினால் மட்டக்களப்பில் இருப்பவரும் லண்டனில் இருப்பவரும் அதே பக்கத்தைத் திறந்து, நான் சொன்னது சரியா பிழையா என்று பார்க்கலாம். தேடுபொறி அதை வாசித்துப் பட்டியலிடும். இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற நிறுவனம் அதன் பிரதியை எடுத்து வைக்கலாம். முகவரியும் திகதியும் பிரதியும் சேர்ந்தால் அதுவே ஸனத்.

மூடிய குழுவில் இவை எதற்கும் இடமில்லை. வட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையில் மறைகுறியாக்கப்பட்டே போகின்றன. போய்ச் சேர்ந்த பின் அவை இருப்பது நமது போன்களில்தான். தனிப்பேச்சுக்கு அது நல்ல பாதுகாப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கவிதைக்கு அதன் பொருள், போன் போனால் கவிதையும் போகும் என்பதுதான். பேஸ்புக்கின் மூடிய குழுக்களுக்குள் தேடுபொறி நுழையாது. பொதுவில் போட்ட பதிவைக்கூடக் கணக்கில்லாதவர் வாசிப்பது சிரமம். போதாக்குறைக்கு நாம் கவிதையைப் பூப்படத்தின் மேல் எழுதிப் படமாகப் போடுகிறோம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைச் சொல்லாகத் தேடுவது எளிதல்ல. நமது பதிப்பாளர்கள் பலரின் கணினிகளில் இன்னும் பாமினி எழுத்துருவில் கிடக்கும் கோப்புகளும் இப்படித்தான். எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும்.

கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும்

இதே கொழும்பில் இதற்கு நேர்மாறான அனுபவமும் எனக்கு உண்டு. டொமினிக் ஜீவா 1966 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மல்லிகை, பின்னாளில் கொட்டாஞ்சேனைப் பக்கம், கொழும்பு 13 ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வெளிவந்தது. தி. ஞானசேகரன் 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய ஞானம் பிறகு வெள்ளவத்தையிலிருந்து வந்தது. இரண்டும் முஸ்லிம் சஞ்சிகைகள் அல்ல. ஆனால் திக்குவல்லை கமால், மேமன்கவி போன்றோர் மல்லிகையில் எவ்வளவு எழுதினார்கள் என்பது இந்த வாசகர்களுக்குத் தெரியும்.

இந்தச் சஞ்சிகைகளின் பழைய இதழ்களை இன்று நான் வீட்டிலிருந்தே வாசிக்கிறேன். 2005இல் சில இளைஞர்கள் தன்னார்வமாகத் தொடங்கிய நூலகம் என்ற இணையத் தளம் அவற்றை ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து எவரும் திறந்து பார்க்கும்படி வைத்திருக்கிறது. காசு கேட்பதில்லை, கணக்குத் திறக்கச் சொல்வதுமில்லை. அங்கே முஸ்லிம் ஆவணகம் என்று ஒரு பகுதியே உண்டு. எழுபதுகளில் ஒரு தென்னிலங்கை முஸ்லிம் இளைஞன் எழுதிய கதையை, இதழ் எண்ணோடும் மாதத்தோடும் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். 2020 டிசம்பரில் என் கண்முன்னால் வந்த கவிதையை ஆறு மாதம் தேடியும் எடுக்க முடியவில்லை. ஐம்பது வருடத்துக்கு முந்தியது கைக்கு எட்டுகிறது, ஐந்து வருடத்துக்கு முந்தியது எட்டவில்லை.

இன்னும் பின்னே போனாலும் இதுதான் நிலை. சித்திலெப்பை 1882இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கினார். 1885இல் அவருடைய அஸன்பேயுடைய கதை அச்சில் வந்தது. அச்சில் வந்ததனால்தான் அது பிறகு மறுபதிப்பும் கண்டது. ஈழத்துத் தமிழ் நாவலின் வரலாற்றை எழுதுகிறவர் எவரானாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அவர் தன் கதையைக் கண்டியிலுள்ள நண்பர்கள் மத்தியில் மட்டும் வாசித்துக் காட்டியிருந்தால் அந்த முதலிடம் நமக்கு வந்திருக்காது.

அரபுத் தமிழின் கதையையும் இங்கே நினைக்க வேண்டும். ஒரு வகையில் அது நமது பழைய மூடிய குழு. வெளியார் வாசிக்க முடியாத எழுத்தில், நமது வீட்டுப் பெண்கள் ஓதி அறிந்த மார்க்கமும் மாலையும் முனாஜாத்தும் பாதுகாக்கப்பட்டன. அதன் பயனை எவரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த எழுத்தை வாசிக்கும் தலைமுறை மறைந்ததும் அலமாரியில் இருந்த கிதாபுகள் ஊமையாகிவிட்டன. ம.மு. உவைஸ் போன்றவர்கள் தேடித் தொகுத்திராவிட்டால் நமது தமிழிலக்கியத்தில் எவ்வளவு இருந்தது என்பதே நமக்குத் தெரிந்திராது.

யாருக்காக எழுதுகிறோம்

காப்பகப் பிரச்சினையோடு இது முடிந்துவிட்டால் நான் இதை ஒரு திறனாய்வாக எழுதியிருக்க மாட்டேன். மூடிய குழு எழுத்தின் தன்மையையே மாற்றிவிட்டது என்பதுதான் என் முக்கியமான குற்றச்சாட்டு.

மல்லிகை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த காலத்தில் அதில் எழுதிய தென்னிலங்கை முஸ்லிம் எழுத்தாளர், தன்னை அறியாத ஒரு வாசகருக்காக எழுதினார். அந்த வாசகருக்கு நமது வீட்டுப் பேச்சு தெரியாது. உம்மா, வாப்பா, ராத்தா என்ற சொற்களும் நோன்பு திறக்கும் நேரத்து அடுப்படியும் அவருக்குப் புதிது. அதனால் கதைக்குள்ளேயே அந்த வீட்டைக் கட்டிக் காட்ட வேண்டியிருந்தது. வட்டாரப் பேச்சை இலக்கியமாக்கிய துணிவு, அந்நியர் ஒருவர் வாசிக்கிறார் என்ற உணர்விலிருந்தும் வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

எரியூட்டல் காலத்துக் கவிதைகளில் என் கைக்கு வந்தவற்றைப் பாருங்கள். "அந்தப் பிள்ளை" என்று வரும். எந்தப் பிள்ளை என்று கவிதை சொல்லாது. "அந்த வேலி", "அந்தத் துணி", "அவர்கள்" என்றும் வரும். 2020 டிசம்பரில் குழுவில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது. விளங்கியதால் அழுதோம். எழுதியவரும் அதற்கு மேல் எதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை. பொருளைத் தந்தது கவிதையல்ல, அன்றைய செய்தி. இன்று பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதை வாசித்துக் காட்டினேன். "இது என்னத்தப் பத்தி வாப்பா?" என்று கேட்டாள். கட்டுரை வராது என்று ஆசிரியரிடம் சொல்ல நான் தீர்மானித்தது அன்றுதான்.

விமர்சனமும் இப்படியே மெலிந்துவிட்டது. கவிதை போட்டு இரண்டு நிமிடத்தில் "மாஷா அல்லாஹ்", "அருமை நானா", மூன்று இதயம், ஒரு பூங்கொத்து. யாராவது "நான்காவது வரி சற்று இடறுகிறதே" என்று சொன்னால் குழுவின் ஒற்றுமையைக் குலைக்க வந்தவராகி விடுவார். தெரிந்த முகங்களுக்கு நடுவே கண்டிப்பான விமர்சனம் வளர்வது கடினம். சஞ்சிகைக்குக் கடிதம் எழுதிய வாசகர் எழுத்தாளரின் மச்சானாக இருக்க வேண்டியதில்லை. அதனால்தான் அவர் உண்மையைச் சொன்னார்.

பயம் என்ற நியாயம்

"எல்லாம் சரிதான், ஆனா திறந்து வெச்சா யார் பொறுப்பு?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க எனக்கு உரிமையில்லை. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் நமது வீடுகளும் கடைகளும் எரிந்தபோது வெறுப்பைப் பரப்பிய பதிவுகள் எங்கிருந்தன என்பது நமக்குத் தெரியும். அரசாங்கம் சுமார் ஒரு வாரம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனமே அதற்காக வருத்தம் தெரிவித்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு, வீட்டிலிருந்த அரபுக் கிதாபுகளைப் பயத்தில் அப்புறப்படுத்தியவர்கள் நம்மில் உண்டு. அந்த மே மாதத்தில் சிலாபத்தில் ஒரு வியாபாரி பேஸ்புக்கில் எழுதிய ஒரேயொரு வரி பிழையாக விளங்கப்பட்டுக் கலவரத்துக்குச் சாக்கானது. இப்போது 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் தலைக்கு மேல் நிற்கிறது.

ஆனால் இந்த உதாரணங்களையே திரும்பப் பாருங்கள். சிலாபத்து வரி, சமூக வலைத்தளத்தில் நடந்த ஒரு உரையாடலின் நடுவிலிருந்து பிடுங்கப்பட்டது. முன்பின் இல்லாமல் ஸ்கிரீன்ஷொட்டாக ஊர் சுற்றியது. மூடிய குழுவில் எழுதியதற்கும் இதே ஆபத்து உண்டு. இருநூறு பேரில் ஒருவர் போதும். ஒரு துண்டு வெளியே போய்விடும், முழுமையைக் காட்டி "நான் சொன்னது இதுவல்ல" என்று நிரூபிக்க நம்மிடம் ஒன்றும் இருக்காது.

அஹ்னாப் ஜஸீமின் வழக்கு எனக்கு இதில் பெரிய பாடம். அவருடைய நவரசம் என்ற கவிதை நூல் 2017இல் வந்தது. 2020 மே மாதத்தில் அவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். கவிதைகள் தீவிரவாதத்தைத் தூண்டுகின்றன என்பது குற்றச்சாட்டு. ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அந்த இளைஞர் இழந்த காலத்தை யாரும் திருப்பித் தர முடியாது. "பார்த்தீர்களா, எழுதினால் இதுதான் கதி" என்று சிலர் இதைச் சொல்கிறார்கள். நான் வேறு விதமாக வாசிக்கிறேன். அது அட்டையும் பக்கமும் உள்ள புத்தகமாக இருந்ததால்தான், தமிழறிந்தவர்கள் அதை முழுமையாக வாசித்து, இவை வன்முறைக்கு எதிரான கவிதைகள் என்று பகிரங்கமாகச் சொல்ல முடிந்தது. பிழையான வாசிப்புக்கு மறுவாசிப்பு ஒன்றே பதில். பிரதி வெளியில் இல்லாவிட்டால் மறுவாசிப்பும் இல்லை.

இன்னொரு நியாயம் இதைவிடப் பாரமானது. நமது பெண்கள் பலர் எழுதத் தொடங்கியதே மூடிய குழுக்களில்தான். அங்கே மாமியாரும் மஹல்லாக்காரர்களும் இல்லை என்ற நம்பிக்கையில்தான் பேனா நகர்ந்தது. அந்த அறையின் கதவை நாம் போய்த் திறந்துவிட முடியாது. மஜ்லிஸில் பேசப்பட்டது அமானிதம் என்பது நமது ஒழுக்கம். ஆகவே குழுக்களை மூடச் சொல்லவில்லை. பேசுவதற்கு மஜ்லிஸ் வேண்டும், பதிவதற்கு ஏடு வேண்டும். மஜ்லிஸே ஏடாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டதுதான் தவறு.

செய்யக்கூடியது

திறந்து வைத்தால் எல்லாம் நிலைத்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். கட்டணம் கட்டாமல் மறைந்த தமிழ்த் தளங்கள் ஏராளம். 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் மூடப்பட்டது. அடுத்து யாஹூ குழுமங்கள் அழிக்கப்பட்டன. அவற்றோடு தமிழில் பல வருடம் நடந்த இலக்கிய உரையாடல்களும் போயின. ஆனால் திறந்திருப்பதை மற்றவர் பிரதி எடுக்கலாம். மூடியிருப்பதைச் சொந்தக்காரர் மட்டுமே காப்பாற்ற முடியும், அவர் மறந்தால் முடிந்தது.

எழுதுகிறவர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. குழுவில் போடுங்கள், வாழ்த்தும் வாங்குங்கள். அதே நாளில் கவிதையை யூனிகோட் எழுத்தில், பெயரும் திகதியும் இடமும் எழுதி, எவரும் திறக்கக்கூடிய ஓரிடத்தில் ஒரு பிரதி வையுங்கள். சொந்தப் பெயர் வைக்க முடியாதவர் புனைபெயர் வைக்கட்டும், ஆனால் ஒரே புனைபெயராக இருக்கட்டும். குழு நடத்துகிறவர்கள் எழுதியவரின் சம்மதம் கேட்டு வருடத்துக்கு ஒரு தொகுப்பைப் பீடிஎஃப்பாக்கி நூலகத்துக்கு அனுப்பலாம். நமது சஞ்சிகைகளும், இந்த இதழ் உட்பட, பழைய இதழ்களைத் திறந்துவிட வேண்டும்.

எரியூட்டல் காலத்தைப் பொறுத்தவரை அவசரம் அதிகம். 2021 பெப்ரவரியில் அனுமதி கிடைத்து, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அரசின் மன்னிப்பு ஆவணமாக இருக்கிறது. வர்த்தமானியும் ஆவணமாக இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் எழுதியது மட்டும் தண்ணீரில் விழுந்த போனுக்குள் இருக்கிறது. நாளை ஒருவர் "அப்படியொன்றும் பெரிதாக நடக்கவில்லையே" என்று சொன்னால் எதை எடுத்துக் காட்டப் போகிறோம்?

தேடலின் கடைசி வாரத்தில் வெள்ளவத்தையில் ஒரு சகோதரியைச் சந்தித்தேன். பெண்கள் மட்டும் இருந்த குழுவொன்றில் அந்த டிசம்பரில் எழுதியவர். குழுவில் அது எப்போதோ கரைந்துபோனது. ஆனால் அவர் ஒரு கொப்பியில் பேனாவால் எழுதி வைத்திருந்தார், ஏழு கவிதைகள். இதை வெளியிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். சற்று நேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ட பேர் வேணாம் சேர். திகதிய மட்டும் சரியாப் போடுங்க."